மோட்டார் அறைக்கும் தொட்டிக்கும் இடையே தொடர்பு அறுந்தால் என்ன செய்வது?

கமலை கட்டி இறைத்த காலத்தில் கிணற்றடியில் ஒருவரும் மடையில் ஒருவரும் நின்றார்கள். பாத்தி நிறைந்ததும் மடையில் நிற்பவர் குரல் கொடுப்பார். காற்று எதிர்த்து அடித்தால் தலைத்துண்டை எடுத்து வீசிக் காட்டுவார். மின்சார மோட்டார் வந்த பிறகும் இந்த இரண்டு ஆள் வேலை நீடித்தது. இன்று பல தோட்டங்களில் அந்த இரண்டு ஆட்களுக்குப் பதிலாக இரண்டு சிறு பெட்டிகள் வந்துவிட்டன. ஒரு பெட்டி தொட்டியில் இருந்து நீர்மட்டத்தைப் பார்க்கிறது. இன்னொன்று மோட்டார் அறையில் இருந்து மோட்டாரைப் போடுகிறது, நிறுத்துகிறது. இரண்டின் உள்ளேயும் ஆளுக்கொரு குட்டிக் கணிப்பொறி இருக்கிறது. அவை இரண்டும் ஒயர் வழியாகவோ வானொலி அலை வழியாகவோ ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன.

அந்தப் பேச்சு அறுந்துவிட்டால் என்ன செய்வது என்பதே இந்த வாரப் பாடம். கருவி வாங்கும்போது அது செய்யும் வேலையைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அது வேலை செய்யாதபோது எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

சோழபுரத்தில் கேட்ட கேள்வி

இராஜபாளையம் வட்டாரத்தில் சோழபுரம் பக்கம் ஒரு தென்னை விவசாயி என்னிடம் இப்படிக் கேட்டார்: "சார், ரெண்டு தடவை பெட்டியை மாத்திட்டேன். காலையில நல்லா ஓடுது, பத்து பதினோரு மணிக்கு மேல படுத்துக்குது. பெட்டி கோளாறா, கரண்டு கோளாறா, இல்ல என் நேரம் கோளாறா?"

அவருக்கு இரண்டு துண்டு நிலம். ஆழ்துளைக் கிணறு ஒரு துண்டில் இருக்கிறது. தரைத்தொட்டி மற்றொன்றில், 400 மீட்டர் தள்ளி இருக்கிறது. இடையில் மண்ணில் பதித்த இரட்டை ஒயர். தொடர்பு அறுந்ததும் கடைக்காரர் மோட்டார் அறைப் பெட்டியை மாற்றினார். சரியாகவில்லை. பிறகு தொட்டிப் பெட்டியை மாற்றினார். அப்போதும் சரியாகவில்லை. சித்திரை வெயிலில் மரம் காய்வதைப் பொறுக்காமல், பெட்டியை ஒதுக்கிவிட்டு ஸ்டார்ட்டருக்கு நேரடி இணைப்புக் கொடுத்து ஓட்டினார்கள். அன்று இரவு கிணற்றில் நீர் கீழே போனதை யாரும் கவனிக்கவில்லை. நீர்மூழ்கி மோட்டார் வறண்டு ஓடிக் காயில் கருகிவிட்டது. மோட்டாரை ஏற்றி, காயில் கட்டி, மறுபடி இறக்கும் வரை தோப்புக்குத் தண்ணீர் இல்லை. குரும்பை கொட்டியது.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு விரல் நீளமுள்ள ஒயர் ஜாயிண்ட். அதைக் கண்டுபிடிக்க அரை நாள் போதுமானதாக இருந்தது. இரண்டு பெட்டி வாங்கிய பணம் வீண். முறையாகத் தேடியிருந்தால் மோட்டாரும் தப்பியிருக்கும். அந்த முறையைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் உயிர்ப் பாதுகாப்பு

தானியங்கிப் பெட்டி உள்ள மோட்டார் எந்த நேரத்திலும் தானாக ஓடத் தொடங்கும். தொடர்பு அறுந்து நிற்பதாக நீங்கள் நினைத்துக்கொண்டு கை வைக்கும் நேரத்தில் தொடர்பு திரும்பிவிடலாம். எனவே சோதனை தொடங்கும் முன்,

1. பெட்டியை 'ஆட்டோ' நிலையிலிருந்து மாற்றி நிறுத்துங்கள்.

2. மெயின் சுவிட்சை நிறுத்தி, மூன்று பியூஸ் கேரியர்களையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் வைத்தால் வேறு யாராவது மாட்டிவிடுவார்கள்.

3. மழையிலும், இடி மின்னல் உள்ள நேரத்திலும் நீண்ட ஒயரைத் தொடாதீர்கள். எங்கோ விழும் மின்னலின் வேகம் அந்த ஒயரில் வந்து சேரும்.

4. தொட்டி மீது ஏறுவதானால் கீழே இன்னொருவர் நிற்க வேண்டும்.

ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் 415 வோல்ட் மூன்று பேஸ் பகுதியை எலக்ட்ரீஷியன் தவிர மற்றவர் திறக்கக் கூடாது. இந்தப் பாடத்தில் சொல்லும் சோதனைகள் எல்லாம் குறைந்த வோல்ட்டில் இயங்கும் பேச்சு ஒயருக்கும் பேட்டரிக்கும் மட்டுமே உரியவை.

மூன்று இடம், ஒரு வரிசை

இரண்டு கருவிகள் மட்டுமே பேசிக்கொள்ளும் தொடர்பில் பழுது மூன்று இடங்களில்தான் இருக்க முடியும். இந்த முனை, அந்த முனை, இடைப்பட்ட வழி. இதற்கு மேல் நான்காவது இடம் கிடையாது. எந்த இடம் என்று தெரியாமல் எதையும் மாற்றக் கூடாது. காய்ச்சலுக்குக் காரணம் தெரியாமல் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுப்பது போன்றதுதான் பெட்டியை மாற்றி மாற்றிப் பார்ப்பதும்.

இந்த வழி புதிதல்ல. 1850-ல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே இந்தியாவின் முதல் சோதனைத் தந்திக் கம்பி இழுக்கப்பட்டது. அந்தத் தந்தி யுகம் நம் நாட்டில் 2013-ல் முடிந்தது. மைல்கணக்கில் ஓடிய கம்பியில் எங்கே பழுது என்பதைத் தந்திக்காரர்கள் நிலையத்தில் உட்கார்ந்தபடியே மின்தடையை அளந்து கணக்கிட்டுச் சொன்னார்கள். அதே கணக்கு உங்கள் 400 மீட்டர் ஒயருக்கும் பொருந்தும். வேண்டியது ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஒரு திருப்புளி, இரண்டு கிளிப், ஒரு நோட்டு.

முதற்படி: இரு முனைகளிலும் மின்சாரம் உள்ளதா?

பேச்சு அறுந்தது என்று வரும் புகார்களில் பலவற்றில் ஒரு பெட்டி பட்டினி கிடப்பதே காரணம். பெட்டியில் விளக்கு எரிவதை மட்டும் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. குறைந்த வோல்ட்டிலும் விளக்கு எரியும், ஆனால் பேச்சு நடக்காது.

தொட்டிப் பெட்டி பெரும்பாலும் சிறு சூரியத் தகடும் 12 வோல்ட் பேட்டரியும் கொண்டது. அமில பேட்டரியாக இருந்தால், சார்ஜ் ஏறாமல் சிறிது நேரம் ஓய்வாக இருக்கும்போது 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைவாக உள்ளது. 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பலவீனம். நல்ல வெயிலில் நண்பகலில் அளந்தால் 13 வோல்ட்டைத் தாண்டி ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் தகட்டின் மேல் தூசியும் பறவை எச்சமும் படிந்திருக்கும், அல்லது மரநிழல் விழுந்திருக்கும், அல்லது இணைப்புத் தளர்ந்திருக்கும். தென்னை வளர வளர முன்பு வெயில் பட்ட இடத்தில் இன்று நிழல் விழும் என்பதை மறக்க வேண்டாம்.

மோட்டார் அறைப் பெட்டியில் மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில் வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்க்க வேண்டும். மோட்டார் எடுக்கும்போது மட்டும் தொடர்பு அறுந்தால் குறை மின் அழுத்தத்தைச் சந்தேகிக்கலாம். பெட்டிக்குள் எறும்பும் பல்லியும் குடியேறுவது நம் பக்கத்தில் சாதாரணம். பெட்டியைத் திறந்ததும் அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் கொண்டு வாருங்கள்

இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிப் பெட்டியைக் கழற்றி, அதன் பேட்டரியோடு மோட்டார் அறைக்குக் கொண்டு வாருங்கள். இரண்டு பெட்டிகளையும் ஒரே மேசை மீது வைத்து, ஒரு மீட்டர் புது ஒயரால் இணைத்துப் பாருங்கள்.

மேசை மீது பேசினால் இரண்டு பெட்டிகளும் நல்லவை. பழுது வழியில் இருக்கிறது. ஒயரைத்தான் தேட வேண்டும், பெட்டி வாங்கக் கடைக்குப் போகக் கூடாது.

மேசை மீதும் பேசாவிட்டால் வழியைத் தோண்ட வேண்டாம். பழுது பெட்டியிலோ, பெட்டிக்குள் பதித்த எண்களிலோ இருக்கிறது.

சோழபுரம் விவசாயியின் பெட்டிகள் மேசை மீது மூன்று மணி நேரம் தங்கு தடையின்றிப் பேசின. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "அப்போ முதல் பெட்டியும் நல்ல பெட்டிதானா சார்?" என்றார். பழைய பெட்டிகளைப் பரணிலிருந்து எடுத்துவந்து இணைத்தோம். அவையும் பேசின.

மூன்றாம் படி: ஒயரை அளப்பது

ஒயரின் இரு முனைகளையும் பெட்டிகளிலிருந்து கழற்றிவிடுங்கள். கடைசி முனையில் சிறு ரெசிஸ்டர் முறுக்கியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, அதன் இரண்டு முட்களையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். அரை ஓம் காட்டினால் அதைப் பின்னர் கழித்துக்கொள்ள வேண்டும்.

தொட்டி முனையில் இரண்டு கம்பிகளையும் சேர்த்து முறுக்குங்கள். மோட்டார் அறை முனையில் அளவெடுங்கள். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் ஒரு கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 36 முதல் 39 ஓம் தடை இருக்கும். ஆகவே 400 மீட்டர் போக 15 ஓம், திரும்பி வர 15 ஓம், மொத்தம் சுமார் 30 ஓம் காட்ட வேண்டும். செம்பு கனமானால் தடை குறையும். உங்கள் ஒயருக்கு இந்தக் கணக்கை ஒரு முறை போட்டு, நல்ல நிலையில் இருக்கும்போதே அளந்து நோட்டில் எழுதி வைப்பது நல்லது.

சுமார் 30 ஓம் அசையாமல் நின்றால் கம்பி முழுதாக உள்ளது.

எல்லையில்லாத தடை காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது.

அளவு 31, 90, 50 என்று ஆடினால் எங்கோ ஒரு ஜாயிண்ட் தளர்ந்திருக்கிறது அல்லது பாசம் பிடித்திருக்கிறது.

அடுத்து தொட்டி முனை முறுக்கைப் பிரித்துவிட்டு மறுபடி அளவெடுங்கள். இப்போது எல்லையில்லாத தடை காட்ட வேண்டும். அப்படியில்லாமல் ஏதாவது எண் காட்டினால் இரண்டு கம்பிகளும் இடையில் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எலி கடித்த இடம், மண்வெட்டி பட்ட இடம், நீர் இறங்கிய ஜாயிண்ட் ஆகியவை இதற்குக் காரணமாகலாம்.

ஒட்டிய இடத்தைக் கணக்கில் கண்டுபிடிப்பது

ஒட்டிக்கொண்ட பழுதுக்கு மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை. 400 மீட்டருக்கு 30 ஓம் என்றால், 12 ஓம் காட்டும் இடம் 160 மீட்டர் தொலைவில் இருக்கும். 12-ஐ 30-ஆல் வகுத்து 400-ஆல் பெருக்கினால் விடை வரும்.

ஆனால் ஒட்டிய இடமும் தன் பங்குக்குக் கொஞ்சம் தடை சேர்த்துவிடும். அதனால் இரண்டு முனைகளிலிருந்தும் அளப்பது அவசியம். எடுத்துக்காட்டாக, மோட்டார் அறையிலிருந்து 20 ஓம், தொட்டியிலிருந்து 26 ஓம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 46. ஒயருக்கு உரியது 30 மட்டுமே. மிகுதி 16. இந்த மிகுதி இரண்டு அளவிலும் சேர்ந்திருப்பதால் பாதியாக்கி 8-ஐ ஒவ்வொன்றிலிருந்தும் கழிக்க வேண்டும். மோட்டார் அறையிலிருந்து 12 ஓம், தொட்டியிலிருந்து 18 ஓம் என்று கிடைக்கும். அதாவது மோட்டார் அறையிலிருந்து 160 மீட்டர், தொட்டியிலிருந்து 240 மீட்டர். இரண்டும் சேர்ந்து 400. கணக்கு சரியாக ஒட்டுகிறது. அந்த இடத்துக்கு முன்னும் பின்னும் சில மீட்டர் மட்டும் தோண்டினால் போதும்.

அறுந்த இடத்தைப் பாதி பாதியாகத் தேடுவது

அறுந்த கம்பிக்கும் தளர்ந்த ஜாயிண்டுக்கும் இந்த ஓம் கணக்கு உதவாது. அதற்கு வழி, பாதியாகப் பிரிப்பது. நடுவில் உள்ள ஜாயிண்டைத் திறந்து, அங்கே இரண்டு கம்பிகளையும் கிளிப்பால் சேர்த்து, மோட்டார் அறைப் பக்கம் அளவெடுங்கள். 15 ஓம் நிலையாக வந்தால் அந்தப் பாதி நல்லது. பழுது மறுபாதியில் இருக்கிறது. அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 400 மீட்டர் ஒரே தடவையில் 200 ஆகிறது, அடுத்து 100, அடுத்து 50. மூன்று முறை திறந்தால் 50 மீட்டருக்குள் பழுதை அடைத்துவிடலாம். ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு ஜாயிண்டாகப் பார்த்துக்கொண்டே வருவதைவிட இது எவ்வளவோ மேல்.

சோழபுரத்தில் அப்படித்தான் செய்தோம். 200 மீட்டர் ஜாயிண்ட் பெட்டியில் பிரித்ததும் மோட்டார் அறைப் பக்கம் 15 ஓம் நின்றது. தொட்டிப் பக்கம் அளவு ஆடியது. அந்தப் பாதியில் ஒரே ஒரு ஜாயிண்ட்தான் இருந்தது. முந்தைய ஆண்டு வரப்பு வெட்டும்போது ஒயர் அறுந்து, வேலைக்கு வந்தவர் இரு நுனிகளையும் முறுக்கி டேப் சுற்றி வேலிக் கல்லில் கட்டிவிட்டுப் போயிருந்தார். விவசாயிக்கே அது மறந்துவிட்டது. செம்பு பச்சை பூத்திருந்தது. காலைக் குளிர்ச்சியில் ஒட்டிக்கொள்ளும். கல் சூடேறியதும் முறுக்கு விரிந்து விலகிக்கொள்ளும். பதினோரு மணிக்குப் 'படுத்துக்கொண்ட' இரகசியம் இதுதான்.

நான்காம் படி: ஒயர் நன்றாக இருந்தும் பேசவில்லை என்றால்

இரண்டு கம்பியில் பேசும் பெட்டிகளில் பல 1983-ல் வகுக்கப்பட்ட ஆர்.எஸ். 485 என்ற முறையைப் பின்பற்றுகின்றன. ஆலைகளிலும் இதே முறைதான். வேகம் குறைவாக இருந்தால் சுமார் 1,200 மீட்டர் வரை இதில் பேச முடியும். இதில் கவனிக்க வேண்டியவை நான்கு.

கம்பி மாறியிருத்தல்: ஏ, பி என்று இரண்டு முனை உண்டு. ஏ-யை ஏ-யோடும் பி-யை பி-யோடும் சேர்க்க வேண்டும். சில தயாரிப்புகளில் இந்தப் பெயர்கள் தலைகீழாக இருக்கின்றன. பேசாவிட்டால் ஒரு முனையில் மட்டும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இதனால் தீங்கு வராது. ஆனால் மின்சாரம் கொடுக்கும் பிளஸ், மைனஸ் கம்பிகளை அப்படி மாற்றக் கூடாது, பெட்டி கருகிவிடும்.

முனைத் தடை: நீண்ட ஒயரின் இரண்டு கடைசிகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். இல்லையென்றால் கிணற்றுச் சுவரில் குரல் எதிரொலிப்பதைப் போல மின்குறி முட்டித் திரும்பி வந்து பேச்சைக் குழப்பும். இரண்டு பெட்டிகளையும் மின்சாரம் நிறுத்தி, ஒயரை மாட்டிய நிலையில் ஏ, பி இடையே அளந்தால் 60 முதல் 70 ஓம் வரை வருவது சரி. 120-ஐ ஒட்டி வந்தால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை, அல்லது ஒயர் அறுந்திருக்கிறது.

மண் வேறுபாடு: மோட்டார் அறை எர்த்தும் தொட்டி எர்த்தும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. இடையே சில வோல்ட் வேறுபாடு இருக்கலாம். அது மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் என்ற எல்லையைத் தாண்டினால் பெட்டிக்குக் காது கேட்காது. இதற்காகவே மூன்றாவதாக ஒரு பொதுக் கம்பி இழுக்க வேண்டும். செலவைக் குறைக்க இதை விட்டுவிடுவது பின்னால் தொல்லை.

மோட்டார் கேபிளின் நெருக்கம்: பேச்சு ஒயரையும் மோட்டார் கேபிளையும் ஒரே குழாயில் போடாதீர்கள். குறைந்தது ஓர் அடி இடைவெளி விட வேண்டும். குறுக்கே கடக்க நேர்ந்தால் நேர் குறுக்காகக் கடக்க வேண்டும்.

ஐந்தாம் படி: எண்கள் ஒத்திருக்கின்றனவா?

மேசை மீது வைத்தும் பேசாத பெட்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இது. இரண்டு பெட்டிகளும் ஒரே வேகத்தில் பேச வேண்டும். ஒன்று 9,600 என்றும் மற்றொன்று 19,200 என்றும் இருந்தால் ஒருவர் தமிழிலும் ஒருவர் தெலுங்கிலும் பேசுவது போலாகும். அதே போல ஒரு பெட்டி கூப்பிடும் எண்ணும் மறு பெட்டியின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பழுது பார்க்க ஒரு பெட்டியை எடுத்துச் சென்று திருப்பிக் கொடுக்கும்போது கடையில் பழைய எண்களை அழித்துவிட்டிருப்பார்கள். எனவே நன்றாக ஓடும் காலத்திலேயே இரண்டு பெட்டிகளின் எண்களையும் நோட்டில் எழுதி வையுங்கள், அல்லது கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

ஒயர் இல்லாத பெட்டிகளுக்கு

வானொலி அலை வழியாகப் பேசும் பெட்டிகள் நம் நாட்டில் பெரும்பாலும் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள உரிமம் தேவைப்படாத அலைவரிசையில் இயங்குகின்றன. இந்த அலையின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். அதற்குரிய சிறு ஏரியல் அதில் கால் பங்கு, ஏறத்தாழ 8.6 சென்டிமீட்டர். அளவு தெரியாத வேறு ஏரியலை மாட்டினால் தூரம் குறையும். ஏரியல் மாட்டாமல் பெட்டிக்கு மின்சாரம் கொடுப்பதும் கெடுதல்.

இங்கும் சோதனை வரிசை அதேதான். முதலில் இரண்டு பெட்டிகளையும் மூன்று நான்கு மீட்டர் இடைவெளியில் வைத்துப் பாருங்கள். பேசினால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு 50 மீட்டர், 50 மீட்டராக நடந்து செல்லுங்கள். எந்த இடத்தில் பேச்சு அறுகிறதோ அங்கே என்ன மறைக்கிறது என்று பாருங்கள். பெட்டியில் அலையின் வலிமையை மைனஸ் எண்ணாகக் காட்டும். மைனஸ் 60 என்பது மைனஸ் 110-ஐ விட மிக வலுவானது.

கண்ணுக்கு ஏரியல் தெரிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது. அலை நூல் பிடித்தாற்போல் செல்வதில்லை, நடுவில் பருத்துச் செல்லும். 400 மீட்டர் தொலைவுக்கு நடு இடத்தில் சுற்றிலும் ஏறத்தாழ 6 மீட்டர் வரை அதற்கு இடம் தேவை. அதில் பாதிக்கு மேலாவது தடையின்றி இருக்க வேண்டும். நீர் நிறைந்த தென்னை மட்டையும் இலையும் அலையை விழுங்கும். நட்டபோது நன்றாகப் பேசிய பெட்டி ஐந்தாறு ஆண்டில் மங்கிப்போவதற்கு மரம் வளர்ந்ததே காரணமாக இருக்கலாம். ஏரியலைத் தகரக் கூரையின் கீழோ இரும்புப் பெட்டிக்குள்ளோ வைக்காமல் வெளியே 20 அடிக் குழாயில் ஏற்றி, இரண்டு முனைகளிலும் செங்குத்தாக நிறுத்துங்கள். ஆனால் அந்தக் குழாய் அக்கம் பக்கத்தில் எல்லாவற்றையும் விட உயரமாக நின்று மின்னலை அழைக்கக் கூடாது.

கைபேசி வழியாக மோட்டார் போடும் கருவி வைத்திருப்பவர்கள் முதலில் சிம் அட்டையைப் பாருங்கள். ரீசார்ஜ் முடிந்திருக்கும், அல்லது 2ஜி மட்டுமே அறிந்த பழைய கருவியில் 2ஜி சேவை தராத நிறுவனத்தின் சிம்மைப் போட்டிருப்பார்கள். அந்த சிம்மை உங்கள் கைபேசியில் போட்டால் வேலை செய்யும், கருவியில் வேலை செய்யாது. கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

விட்டு விட்டு வரும் பழுது

எப்போதும் இருக்கும் பழுதைக் கண்டுபிடிப்பது எளிது. விட்டு விட்டு வருவதுதான் ஏமாற்றும். அதற்கு மருந்து நோட்டுதான். தொடர்பு அறும் ஒவ்வொரு முறையும் நேரம், வெயில், மழை, காற்று, மோட்டார் ஓடியதா நின்றதா ஆகியவற்றைக் குறியுங்கள். பத்து நாளில் பழுது தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

வெயில் ஏறினால் அறுகிறதா? தளர்ந்த ஜாயிண்ட்.

மழைக்குப் பின் அறுகிறதா? நீர் இறங்கிய ஜாயிண்ட் அல்லது பெட்டி.

ஆடிக் காற்றில் அறுகிறதா? அலை வழியில் ஆடும் மட்டை, அல்லது தொங்கும் ஒயர்.

விடியற்காலையில் அறுகிறதா? இரவெல்லாம் இறங்கிய பேட்டரி.

கோடையில் கரிசல் வெடித்த பின் அறுகிறதா? வெடிப்பு ஒயரை இழுத்திருக்கிறது. கரிசலில் ஒயரை விறைப்பாக இழுத்துப் பதிக்காமல், குழாய்க்குள் சற்றுத் தளர்வாகப் போட வேண்டும் என்பது இதனால்தான்.

தொடர்பு அறுந்தால் மோட்டார் நிற்க வேண்டும்

கடைசியாகச் சொன்னாலும் இதுவே முதன்மையானது. எந்தத் தொடர்பும் ஒரு நாள் அறும். அறும்போது மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறதா, நின்றுவிடுகிறதா என்பதில்தான் உங்கள் மோட்டாரும் கிணற்றுத் தண்ணீரும் அடங்கியிருக்கின்றன. நல்ல பெட்டி தொட்டியிலிருந்து பதில் வராவிட்டால் சில நிமிடங்கள் பார்த்துவிட்டு மோட்டாரை நிறுத்திவிடும். கடைசியாகக் கேட்ட 'தொட்டி காலி' என்ற சொல்லையே நம்பிக்கொண்டு இரவெல்லாம் ஓட்டும் பெட்டியும் சந்தையில் இருக்கிறது.

இதை வாங்கும்போதே சோதியுங்கள். பிறகு மாதம் ஒரு முறை சோதியுங்கள். மோட்டார் தானியங்கியாக ஓடும்போது தொட்டி முனையில் பேச்சு ஒயரைக் கழற்றுங்கள். ஒயர் இல்லாத பெட்டியானால் தொட்டிப் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்துங்கள். எத்தனை நிமிடத்தில் மோட்டார் நிற்கிறது என்று குறியுங்கள். நிற்காவிட்டால் அந்தப் பெட்டியை 'ஆட்டோ'வில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

வறண்டு ஓடுவதைத் தடுக்கும் பாதுகாப்பும், ஒரு பேஸ் போனால் நிறுத்தும் பாதுகாப்பும் இந்தத் தொடர்பை நம்பாமல் பேனல் போர்டிலேயே தனியாக இருக்க வேண்டும். அவசரத்துக்குப் பெட்டியை ஒதுக்கி ஓட்ட நேர்ந்தால் அந்தப் பாதுகாப்புகளையும் சேர்த்து ஒதுக்கிவிடாதீர்கள். ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். சோழபுரம் தோப்பில் இது மட்டும் கடைப்பிடிக்கப்பட்டிருந்தால், ஜாயிண்ட் கெட்டிருந்தாலும் மோட்டார் கெட்டிருக்காது.

பழுது வராமல் காக்க

1. ஒயரைக் குழாய்க்குள் போட்டு, கலப்பையும் மண்வெட்டியும் எட்டாத ஆழத்தில் பதியுங்கள்.

2. ஜாயிண்டை முறுக்கி டேப் சுற்றுவதோடு விடாமல், ஈயம் வைத்துப் பற்றவைத்து, நீர் புகாத பெட்டியில் அடைத்து, தரைக்கு மேலே ஒரு கல்லில் பொருத்துங்கள். மண்ணுக்குள் ஜாயிண்ட் வேண்டாம்.

3. எத்தனை மீட்டரில் எந்த ஜாயிண்ட் என்று ஒரு தாளில் படம் வரைந்து மோட்டார் அறைச் சுவரில் ஒட்டுங்கள். வேலைக்கு வருபவர் புதிதாக ஜாயிண்ட் போட்டால் அன்றே அதில் குறியுங்கள்.

4. இரண்டு முனைகளிலும் இடிதாங்கும் சிறு பாதுகாப்புக் கருவியைச் சேருங்கள். சித்திரை, வைகாசிக் கோடை இடியிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் நெடுநேரம் வேலையில்லை என்றால் ஒயரைக் கழற்றி வைப்பது அதனினும் நல்லது.

5. ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. அந்தப் பழுது மறுபடி வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

தானியங்கிப் பம்புசெட் கருவிகளுக்கு மானியம் உண்டா, எவ்வளவு என்பதை வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டறிந்த பின் வாங்குங்கள். வாங்கும்போது கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: தொடர்பு அறுந்தால் மோட்டார் எத்தனை நிமிடத்தில் நிற்கும்? பெட்டியின் எண்களை நானே பார்க்க முடியுமா? பழுது வந்தால் இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் வைத்துச் சோதித்துக் காட்டுவீர்களா? மூன்றுக்கும் தெளிவான பதில் சொல்பவரிடம் வாங்குங்கள்.

சோழபுரம் விவசாயி அந்த ஜாயிண்டைப் பற்றவைத்துப் பெட்டியில் அடைத்துவிட்டார். பரணில் கிடந்த பழைய பெட்டிகள் இரண்டையும் மாற்றுப் பெட்டிகளாகப் பத்திரமாக வைத்திருக்கிறார். மோட்டார் அறைச் சுவரில் இப்போது ஒயர் செல்லும் வழியின் படம் ஒட்டியிருக்கிறது. அதன் கீழே 30 ஓம் என்று அவர் கையாலேயே பெரிதாக எழுதியிருக்கிறார். உங்கள் மோட்டார் அறையிலும் அப்படி ஒரு தாள் இருக்கட்டும். அடுத்த முறை தொடர்பு அறும்போது கடைக்குப் போகும் முன் அந்தத் தாளைப் பாருங்கள்.